ட்ரம்ஸ்: பெரி

பேரின்பநாதன் மொன்றியலுக்கு வந்து இரண்டாவது இலையுதிர்காலம் அது. எண்பத்தாறாம் ஆண்டு. நகரின் நடுவில் ஒரு ஜப்பானிய உணவகத்தில் கோப்பை கழுவிக்கொண்டிருந்தான். ஒருநாள் மத்தியானம் வேலைக்குப் போனபோது சமையலறைக் கதவில் ஒரு கடதாசி ஒட்டியிருந்தது. மேலே ஜப்பானிய எழுத்து, கீழே ஆங்கிலம். ட்ரம்ஸ் அடிக்கத் தெரிந்தவர் தேவை, அவசரம்.

ஒட்டியவன் நோபு. ஒசாகாவிலிருந்து வந்து அங்கே பரிமாறுகிற வேலை செய்துகொண்டிருந்தவன். மெலிந்த, நெடுத்த உருவம். தட்டுகளை அடுக்கும்போதுகூட யாரிடமோ மன்னிப்புக் கேட்பதுபோல் குனிந்தே நிற்பான். பேரின்பநாதன் ரப்பர் கையுறையைக் கழற்றாமலே கடதாசியைக் காட்டி, "நான் அடிப்பேன்" என்றான்.

நோபுவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. கேலி இல்லை, தான் கேட்டது சரிதானா என்ற சிரிப்பு.

"எங்கே அடித்தாய்?"

"ஹோட்டலில்."

அது உண்மைதான். திருகோணமலையில் நிலாவெளிக் கடற்கரையோரம் ஒரு ஹோட்டல் இருந்தது. வெள்ளைக்காரர்கள் வெயில் காய வருகிற இடம். பின்னேரங்களில் அவர்கள் குடித்துக்கொண்டிருக்கும்போது நாலுபேர் மேடையேறி ஆங்கிலப் பாட்டுகள் வாசிப்பார்கள். ட்ரம்ஸ் பேரின்பநாதன். எண்பத்து மூன்று ஜூலைக் கலவரத்தோடு வெள்ளைக்காரர்களும் வரவில்லை, ஹோட்டலும் திறக்கவில்லை. பாட்டுக்காரனைக் கடைசியாக மன்னாரில் கண்டதாகச் சொன்னார்கள். கிற்றார்க்காரர் என்ன ஆனார் என்று யாருக்கும் தெரியாது.

சனிக்கிழமை நோபு அவனை ஷபனெல் தெருவுக்கு அழைத்துப்போனான். தையல் ஆலைகள் ஒன்றின்மேல் ஒன்றாக அடுக்கியிருக்கும் தெரு. ஓர் ஆலையின் மேல்மாடியில், துணிக்கட்டுகள் வைத்திருந்த அறையில்தான் அவர்கள் வாசித்தார்கள். கீழே பொத்தான் தைக்கும் வேலை செய்த தோமோகோ காவலாளியுடன் பேசி அந்த அறையை வாங்கியிருந்தாள். சனிக்கிழமை ஆலை மூடியதும் சூட்டையும் நிறுத்திவிடுவார்கள். கோட்டு, தொப்பியோடுதான் வாசிக்க வேண்டும்.

தோமோகோதான் பாடுகிறவள், கிற்றாரும் அவளே; பேஸ் நோபு. தலைமயிரை ஆண்பிள்ளைபோல் ஒட்ட வெட்டியிருந்தாள். ஜப்பானின் வடக்கே பனி கொட்டும் ஊர் ஒன்றில் பிறந்தவள். வேலை விசாவில் வந்தவர்கள் அவளும் நோபுவும் யசுவோ என்ற ட்ரம்ஸ்காரனும். இங்கே முதல் குளிர்காலத்தில் மூவரும் வீட்டு வாசல்களில் பனி வழித்துத்தான் பிழைத்தார்கள். அதனால் குழுவுக்கும் அதே பெயரை வைத்துக்கொண்டார்கள்: யுகிகாகி. பனி வழித்தல். தகப்பனுக்குச் சுகமில்லை என்று யசுவோ திரும்பிப் போய்விட்டான். ட்ரம்ஸ் மட்டும் நின்றது.

முதல் பாட்டை வாசித்து முடித்ததும் தோமோகோ திரும்பிப் பார்த்தாள்.

"நீ பிந்துகிறாய்" என்றாள்.

"ஓம். மன்னிக்க வேண்டும்."

"இல்லை. இன்னொரு முறை அடி. அப்படியே பிந்து."

அவன் இடக்கை அடி எப்போதும் ஒரு நூல் பிந்தித்தான் விழும். ஹோட்டல் கிற்றார்க்காரர் பகலிலேயே குடிக்கிற மனிதர். எந்தப் பாட்டிலும் கொஞ்சம் பின்னால்தான் வருவார். அவரை விட்டுவிட்டு ஓடக்கூடாது என்று பேரின்பநாதன் கையைப் பிடித்துப் பிடித்து அடித்துப் பழகியிருந்தான். அவர் போய்விட்டார், பழக்கம் போகவில்லை.

அந்தக் குளிர்காலத்தில் யுகிகாகியின் பாட்டுகள் மாறின. முன்பு கத்தி ஓடிக்கொண்டிருந்தவை நிதானப்பட்டன. தோமோகோ அந்தப் பிந்துகிற அடிக்காகக் காத்திருந்து பாடினாள். அடி விழப்போகிறது, இன்னும் விழவில்லை என்கிற அந்தச் சொற்ப இடைவெளியில் அவள் குரல் தனியே நிற்கும். கேட்டவர்களுக்கு நெஞ்சு ஒருதரம் இறங்கி ஏறும். 'பேரின்பநாதன்' அவர்கள் வாயில் நுழையவில்லை. பெரி என்று கூப்பிட்டார்கள்.

சென் லோறன் தெருவில் ஒரு மதுச்சாலையில் முதலில் வாசித்தார்கள். கேட்க வந்தவர்களைவிட மேசை துடைக்க வந்தவர்கள் அதிகம். கேட்க வந்தவர்களில் ஒருத்தி செலீன். கியூபெக்காரி, பல்கலைக்கழக வானொலியில் பாட்டுப் போடுகிறவள். அவர்களுடைய பாட்டுக் கசெற் ஒன்று வாங்கிப்போய்த் தன் நிகழ்ச்சியில் போட்டாள். அடுத்த வாரமும் போட்டாள். கோடைக்குள் மதுச்சாலை நிரம்பத் தொடங்கியது. ஒரு சின்னக் கம்பெனி இரண்டு பாட்டுகளோடு இசைத்தட்டு ஒன்று போட முன்வந்தது.

இதெல்லாம் அரியரத்தினத்துக்குப் பிடிக்கவில்லை. அவர் பேரின்பநாதனுடைய பெரியப்பாவின் மகன். அஹுன்ட்சிக் பகுதியில், தெப்பனர் என்கிற மூலைக்கடை ஒன்றுக்கு மேலே இருந்த வீட்டில் இருவரும் ஒன்றாக இருந்தார்கள். தொலைபேசி அந்த வீட்டில்தான். திருகோணமலையில் பேரின்பநாதனின் மனைவி குணேஸ்வரி கடையொன்றில் வரிசையில் நின்று, இணைப்புக் கிடைத்தால் பேசுவாள். எந்த நாள் என்று சொல்ல முடியாது. யாராவது வீட்டில் இருக்க வேண்டும்.

இசைத்தட்டு வெளிவந்த நாளில் அவன் வீட்டில் இருக்கவில்லை. மதுச்சாலையில் வாசித்துவிட்டு, நோபுவின் தோளில் கை போட்டபடி சிரித்துக்கொண்டு வந்தவன், அரியரத்தினம் நாற்காலியைத் தொலைபேசிக்குப் பக்கத்தில் இழுத்துப் போட்டு உட்கார்ந்திருந்ததைக் கண்டதும் நின்றுவிட்டான்.

"குணேஸ் எடுத்தவள்" என்றார் அவர். "வீடு எரிஞ்சுபோச்சாம். அவளும் பிள்ளையும் பள்ளிக்கூடத்தில இருக்கினமாம். உன்னோட ஒரு வார்த்தை கதைக்கவேணும் எண்டு அழுதவள். நான் என்ன சொல்லுறது? வேலைக்குப் போட்டான் எண்டு பொய் சொன்னன்."

பேரின்பநாதன் சப்பாத்தைக் கழற்றாமல் நின்றான்.

"அங்க சனம் செத்துக்கொண்டிருக்குது. நீ இஞ்ச ஜப்பான்காரியோட சேர்ந்து மேளம் அடிக்கிறாய். நான் ஏசேல்லை, தம்பி. எனக்கு விளங்கேல்லை. அதுதான் கேக்கிறன்."

"மேளம் அடிக்கிற நேரம் மட்டும்தான் அண்ணை எனக்கு வேற ஒண்டும் கேக்காது" என்றான் அவன்.

அது பதில்தானா என்று அரியரத்தினத்துக்குத் தெரியவில்லை. அவர் எழும்பி விளக்கை அணைத்துவிட்டுப் போனார். அதற்குப் பிறகு வந்த மாதங்கள் முழுக்க பேரின்பநாதன் சரியாகத் தூங்கவில்லை. தொலைபேசி அடித்ததுபோல் இருக்கும், எழும்பிப் போய்ப் பார்ப்பான். ஆனால் சனிக்கிழமைகளில் ஷபனெலுக்குப் போகாமல் விடவில்லை. அந்தக் குளிர்காலம்தான் யுகிகாகி தன் மிக நல்ல பாட்டுகளைச் செய்த காலம் என்று பின்னால் செலீன் சொல்வாள்.

எண்பத்தெட்டு வசந்தத்தில் நியூயோர்க்கிலிருந்து அழைப்பு வந்தது. ஓரளவு பெயர்பெற்ற ஒரு குழு மேடையேறுமுன் அமெரிக்காவில் ஐந்து நகரங்களில் வாசிக்க வேண்டும். நோபு செய்தியைச் சமையலறைக்குள் ஓடிவந்து சொன்னான். சமையல்காரர் ஏசியும் கேளாமல் பேரின்பநாதனின் ஈரக்கைகளைப் பிடித்துக் குதித்தான். பேரின்பநாதனும் குதித்தான். எல்லை என்ற சொல் அவனுக்கு நினைவு வரச் சற்று நேரம் எடுத்தது.

அவனுடைய அகதி வழக்கு இன்னும் முடியவில்லை. வழக்கறிஞரிடம் செலீனையும் கூட்டிக்கொண்டு போனான். அவர் கதிரையில் சாய்ந்துகூட உட்காரவில்லை. "போகலாம். யாரும் மறிக்கமாட்டார்கள். திரும்பி உள்ளே விடமாட்டார்கள்" என்றார். படியிறங்கும்போது செலீன் ஏதோ பிரெஞ்சில் திட்டிக்கொண்டே வந்தாள். யாரை என்று அவன் கேட்கவில்லை.

நகரத்தில் ட்ரம்ஸ்காரர்களுக்குப் பஞ்சமில்லை. இரண்டு மூன்று பேர் தாமாகவே வந்து கேட்டார்கள். தோமோகோ ஒருவரையும் எடுக்கவில்லை. ஒரு சனிக்கிழமை சாப்பாட்டுப் பெட்டி அளவான கறுப்பு இயந்திரம் ஒன்றைக் கொண்டுவந்து துணிக்கட்டின்மேல் வைத்தாள். ட்ரம்ஸ் சத்தம் போடுகிற பெட்டி. அடிகளைச் சொல்லிக் கொடுத்தால் நினைவில் வைத்திருந்து அடிக்கும்.

"உன் இடத்தில் இன்னொரு ஆள் இருந்தால் நான் திரும்பித் திரும்பிப் பார்ப்பேன்" என்றாள். "பெட்டியென்றால் பார்க்கத் தேவையில்லை. பெரி, நீ இதற்குச் சொல்லிக் கொடு. நாங்கள் திரும்பி வந்ததும் இதை விற்றுவிடுவோம்."

அவன் ஒப்புக்கொண்டான். பாட்டுகள் போகட்டுமே என்று நினைத்தான். தானும் கூடப் போகிற மாதிரித்தானே.

பெட்டியில் இருந்த ரப்பர் பொத்தான்களை விரலால் தட்ட வேண்டும். அவன் தட்டினான். திருப்பிப் போட்டால், பிந்தி விழுந்த அடியையெல்லாம் பெட்டி இழுத்து நேராக்கி வைத்திருந்தது. பட்டாளம் நடப்பதுபோல் ஒலித்தது. தோமோகோ பாடிப் பார்த்தாள். பாதியில் நிறுத்தி, போய் யன்னலோரம் நின்றாள். நோபு, "இதற்கு இவ்வளவுதான் வரும்" என்றான்.

பேரின்பநாதன் விடவில்லை. பிழையைத் திருத்துகிற ஒரு பெட்டிக்கு, திருத்தாதே என்று சொல்லவும் எங்காவது ஒரு பொத்தான் இருக்கத்தான் வேண்டும் என்று பிடிவாதமாக நின்றான். பெட்டியோடு வந்த ஆங்கிலப் புத்தகத்தைச் செலீன் பக்கம் பக்கமாக வாசித்துச் சொன்னாள். அடுத்த சனிக்கிழமை அதைக் கண்டுபிடித்தார்கள். திருத்தத்தை நிறுத்திவிட்டு அவன் மீண்டும் தட்டினான். பெட்டி அப்படியே திருப்பிச் சொன்னது, அந்த நூலளவு பிந்தலோடு. தோமோகோ கோட்டுக் கையால் வாயைப் பொத்திக்கொண்டாள். நோபு கைதட்டினான். தனக்குத் தெரிந்த ஒவ்வொரு அடியையும், ஒவ்வொரு தயக்கத்தையும் அவன் அதற்குள் இறக்கினான். கனடாவுக்கு வந்தபின் அவ்வளவு சந்தோசமாக இருந்ததாக வேறு நாளை அவனால் சொல்ல முடியாது.

புறப்பட்ட காலையில் வான் வண்டியில் சாமான்களை ஏற்றியது அவன்தான். தோமோகோ பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு முன் இருக்கையில் உட்கார்ந்தாள். கோடை முடிவதற்குள் வந்துவிடுவோம் என்றார்கள். வான் தெரு முனையில் திரும்பியதும் அவன் மேல்மாடிக்கு ஏறிப்போய் ட்ரம்ஸுக்குப் பழைய துணி ஒன்றைப் போர்த்திவிட்டு, வேலைக்குப் போனான்.

அவர்கள் வரவில்லை. நியூயோர்க்கில் ஒரு கம்பெனி முழு இசைத்தட்டுப் போடச் சொல்லி மறித்துவைத்தது. தோமோகோ தொலைபேசியில் சொன்னாள்: "அவர்களுக்குப் பெட்டிதான் வேண்டுமாம். மேடையில் ஆள் இல்லாதது நன்றாக இருக்கிறதாம்."

"நல்லது" என்றான் அவன்.

"கோபமா?"

"இல்லை. பாட்டு வெளியே வரட்டும்."

இசைத்தட்டு வந்தது. செலீன் தன் வீட்டில் போட்டுக் காட்டினாள். பின் அட்டையில் பெயர்கள் இருந்தன. குரல், கிற்றார்: தோமோகோ. பேஸ்: நோபு. ட்ரம்ஸ்: பெரி. அதை விரலால் தடவிப் பார்த்தான். மறக்கவில்லை என்று நினைத்துக்கொண்டான். செலீன் ஒரு பத்திரிகையை மடக்கிக் கையில் வைத்திருந்தாள். காட்டுவதா வேண்டாமா என்று யோசித்துவிட்டு, வாசித்தாள்.

"இந்தக் குழுவின் மிகச் சிறந்த உறுப்பினர் ஓர் இயந்திரம். அதற்குப் பெரி என்று பெயர் வைத்திருக்கிறார்கள். எந்த மனிதனுக்கும் வராத ஒரு தயக்கம் அதற்கு வருகிறது."

பேரின்பநாதன் சிரித்துவிட்டான். செலீன் சிரிக்கவில்லை. "நான் இவர்களுக்கு எழுதுகிறேன். நீ யார் என்று எழுதுகிறேன்."

"வேண்டாம்."

"ஏன் வேண்டாம்?"

"என்ன எழுதுவாய்? அது பெட்டி இல்லை, கோப்பை கழுவுகிறவன் என்றா?"

அடுத்த தடவை தோமோகோ எடுத்தபோது அவன் கேட்டான். "ஒருவர் வந்து பெரி யார் என்று கேட்டார். எனக்கு நல்ல களைப்பு. பெட்டியைக் காட்டினேன். விளக்கிச் சொல்ல எனக்கு ஆங்கிலம் போதவில்லை. பிறகு எல்லோரும் அப்படியே எழுதிவிட்டார்கள்" என்றாள். "மன்னித்துக்கொள், பெரி." அவன் பரவாயில்லை என்றான். அதன்பிறகும் அவள் திருத்தவில்லை.

அமெரிக்க விசா முடிந்து அவர்கள் ஜப்பானுக்குத் திரும்பினார்கள். அங்கே யுகிகாகி ஒரு குளிர்காலம் முழுக்கப் பேசப்பட்டது. செலீனுக்கு யாரோ அனுப்பிய படம் ஒன்றை அவன் கண்டான். மேடையில் இரண்டு பேர், நடுவில் ஒரு முக்காலி, அதன்மேல் கறுப்புப் பெட்டி, அதற்கென்று தனியாக ஒரு விளக்கு. முன்வரிசைப் பெட்டையள் பெரி, பெரி என்று கத்துவார்களாம்.

அவன் உணவகத்தை விட்டுவிட்டு டோர்வல் விமான நிலையத்தில் விமானங்களை உள்ளே கூட்டித் துடைக்கும் வேலைக்குப் போயிருந்தான். அமெரிக்க நகரங்களுக்குப் போகிற விமானங்களும் அதில் அடக்கம். இருக்கை இடுக்குகளிலிருந்து கடதாசியும் கச்சான் கடலைக் கோதும் பொறுக்கிவிட்டு, கதவு மூடுமுன் இறங்கிவிட வேண்டும். ஷபனெல் அறையை ஆலைக்காரர்கள் திருப்பி எடுத்துக்கொண்டார்கள். ட்ரம்ஸை யாரோ கொண்டுபோனார்கள். அவன் போய்க் கேட்கவில்லை.

எண்பத்தொன்பது தொடக்கத்தில் குணேஸ்வரியும் மகள் பாலாம்பிகையும் ஒரு முகவரின் கையைப் பிடித்து எப்படியோ வந்து சேர்ந்தார்கள். அரியரத்தினம் வேறு வீடு பார்த்துக்கொண்டு போனார். மகள் தகப்பனை மாமா என்று கூப்பிட்டாள், பிறகு திருத்திக்கொண்டாள். குணேஸ்வரி மெலிந்து கறுத்திருந்தாள். கதவு சத்தமாகச் சாத்தினால் துள்ளி எழும்புவாள். ஜப்பான்காரரைப் பற்றியோ இசைத்தட்டைப் பற்றியோ அவன் அவளிடம் மூச்சு விடவில்லை. பள்ளிக்கூடத் தரையில் அவள் படுத்துக்கிடந்த காலத்துக் கதை அது.

ஆடி மாத ஞாயிறு ஒன்றில் தொலைபேசியைக் குணேஸ்வரி எடுத்தாள். "ஆரோ ஒரு பொம்பிளை. பெரியாம். பெரியவரோ எண்டு கேட்டன், அவளுக்கு விளங்கேல்லை."

தோமோகோவின் குரல் கரகரத்திருந்தது. "பெரி, பெட்டி எல்லாவற்றையும் மறந்துவிட்டது" என்றாள். உள்ளே ஒரு சின்ன பற்றரி இருந்ததாம். அதன் உயிர் போனதும் அவன் சொல்லிக் கொடுத்த அத்தனை அடியும் அழிந்துவிட்டன. இசைத்தட்டைக் கேட்டு நோபு தட்டிப் பார்த்தான், வரவில்லை. ட்ரம்ஸ்காரர்களை வைத்துப் பார்த்தார்கள், சனம் ஏற்கவில்லை. இலையுதிர்காலத்தில் பெரிய நிகழ்ச்சி இருக்கிறது. "ஒரு கசெற்றில் அடித்து அனுப்பு. பழைய மாதிரியே."

தொலைபேசியை வைத்ததும் குணேஸ்வரி பார்த்துக்கொண்டு நின்றாள். அவன் சொன்னான், முதலிலிருந்து. முடிவில், "அண்டைக்கு நான் எடுத்த நேரம் வேலைக்குப் போகேல்லைத்தானே?" என்று மட்டும் கேட்டாள்.

"இல்லை."

அவள் தலையாட்டிவிட்டுப் போய்ச் சோற்றுப் பானையைப் பார்த்தாள்.

செலீன் வானொலி நிலையத்தில் ஓர் அறைக்கு ஒழுங்கு செய்தாள். அங்கே ட்ரம்ஸ் இருந்தது. அவனும் மனைவியும் மகளும் போனார்கள். பாலாம்பிகை கண்ணாடிக்கு அப்பால் தாய்க்குப் பக்கத்தில் இருந்து பார்த்தாள். பேரின்பநாதன் குச்சியை எடுத்து முதல் பாட்டை அடித்தான். கை மறக்கவில்லை. இரண்டாவது, மூன்றாவது. செலீன் பெருவிரலை உயர்த்தினாள்.

திருப்பிப் போட்டுக் கேட்டான். ஒவ்வோர் அடியும் விழவேண்டிய இடத்தில் விழுந்திருந்தது. அவன் எழும்பிப்போய்த் திரும்ப அடித்தான். பிந்த வேண்டும் என்று நினைத்துப் பிந்தினான். அது தடுக்கி விழுந்த மாதிரி இருந்தது. கண்ணை மூடி ஹோட்டல் கிற்றார்க்காரரை நினைத்தான். முகம் வரவில்லை. வெளியே குணேஸ்வரி மகளுக்குத் தண்ணீர் ஊற்றிக் கொடுத்துக்கொண்டிருந்தாள். மாலை வரை அடித்தான். கடைசியில் இருப்பதில் நல்லதைப் பார்த்து அனுப்பச் சொன்னான்.

அடுத்த மாதம் தோமோகோ எடுத்தாள்.

"கசெற் வந்தது. மிகவும் சரியாக இருக்கிறது."

"பாவிப்பீர்களா?"

"இல்லை, பெரி." கம்பிக்குள் கடல் இரைவதுபோல் ஓர் இரைச்சல் இருந்தது. "நீ இப்போது நன்றாகத் தூங்குகிறாய் போல."

அவனுக்கு ஓம் என்றாலும் பிழை, இல்லையென்றாலும் பிழை என்று பட்டது. மனைவியும் மகளும் வந்துவிட்டார்கள் என்றான். மிக நல்லது என்று அவள் சொன்னாள், உண்மையாகவே சொன்னாள். நோபு தகப்பனின் கடைக்குப் போய்விட்டானாம். பெரிய நிகழ்ச்சியை வேண்டாம் என்று சொல்லிவிட்டார்களாம். தான் இனி என்ன செய்வதென்று யோசிக்கவில்லையாம். பிறகு ஜப்பானிய மொழியில் ஏதோ சொன்னாள். நீளமாக, தாழ்ந்த குரலில். தொடர்பு அறுந்ததா, அவள் வைத்துவிட்டாளா தெரியாது.

"என்னவாம்?" என்றாள் குணேஸ்வரி.

"முடிஞ்சுதாம். குழு இனி இல்லையாம்."

அவள் கைகளைத் துடைத்துக்கொண்டு அவனுக்கு எதிரே வந்து உட்கார்ந்தாள். வானொலி நிலையத்தில் செலீன் அவளுக்கு இசைத்தட்டைப் போட்டுக் காட்டியிருந்தாள்.

"அந்தப் பெட்டையின்ர குரல் மனதைப் பிசையுது. அவள் என்னத்தைப் பாடுறாள்?"



"தெரியாது."

"ஒரு பாட்டும் தெரியாதோ?"

"கேக்கேல்லை."

"இவ்வளவு காலம் பின்னால இருந்து அடிச்சிருக்கிறியள். என்னத்துக்கு இப்பிடி அழுதழுது பாடுறாய் எண்டு ஒருக்கால்கூடக் கேக்கேல்லையோ, இஞ்சருங்கோ?"

அவன் தொலைபேசியைப் பார்த்தான். தோமோகோவின் இலக்கம் அவனிடம் இல்லை. எந்த நாளும் அவள்தான் எடுத்திருந்தாள். செலீனிடம் இருக்கும், கேட்கலாம். கேட்டு வாங்கி, அங்கே இப்போது என்ன நேரம் என்று பார்த்து, எடுத்து, என்ன பாடினாய் என்று கேட்க வேண்டும். குணேஸ்வரி இன்னும் அவன் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவன் அவளைப் பார்க்கவில்லை. கீழே தெப்பனருக்குப் போயிருந்த பாலாம்பிகை பால் பெட்டியோடு படியேறி வருகிற சத்தம் கேட்டது. அவன் எழும்பிப் போய்க் கதவைத் திறந்துவிட்டான்.